தீர்ப்பை யார் நிறைவேற்றுவது? 1803 மார்பரி முதல் 1832 வூஸ்டர் வரை

நூலகவாசி எழுதியது:

நீதிமன்றங்களின் அதிகாரம் பற்றிப் பேச்சு எழுந்தால் 'மார்பரி எதிர் மேடிசன்' வழக்கின் பெயர் தானாக வந்துவிடுகிறது. மக்கள் பிரதிநிதிகள் இயற்றிய சட்டமே ஆனாலும், அரசியலமைப்புக்கு முரணாக இருந்தால் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1803 பிப்ரவரி 24 அன்று சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் ஒரு செய்தியைச் சொல்லாமலே கடந்துபோகிறார்கள். அதற்குக் கீழ்ப்படிந்து யாரும் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அதிபர் ஜெஃபர்சன் மீற நினைத்திருந்தாலும் மீறுவதற்கு ஓர் உத்தரவு அதில் கிடையாது.

29 ஆண்டுகள் கழித்து, அதே தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், ஜார்ஜியா மாகாணம் ஒரு மனிதரைச் சிறையிலிருந்து விடுவித்தாக வேண்டும் என்ற பொருளில் தீர்ப்பு எழுதினார். ஜார்ஜியா விடுவிக்கவில்லை. இந்த இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதல் கதை சுருக்கமாக. 1800 தேர்தலில் அப்போதைய அதிபர் ஜான் ஆடம்ஸ் தோற்றார். ஜெஃபர்சனும் ஆரோன் பர்ரும் தலா 73 தேர்வாளர் வாக்குகள் பெற்றுச் சமநிலையில் நின்றதால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே 36ஆவது வாக்கெடுப்பில்தான் ஜெஃபர்சன் தேர்வானார். இடைப்பட்ட வாரங்களில் ஆடம்ஸ் கட்சியினர் நீதித்துறையைத் தங்கள் ஆட்களால் நிரப்பினார்கள். புதிதாகப் 16 வட்ட நீதிபதிப் பதவிகளை உருவாக்கினார்கள். தலைநகர்ப் பகுதிக்குச் சிறு வழக்குகளை விசாரிக்கும் 42 சமாதான நீதிபதிகளை நியமித்தார்கள். செனட் ஒப்புதல் கிடைத்தது 1801 மார்ச் 3 அன்று, ஆட்சியின் கடைசி நாளில். ஆடம்ஸ் கையெழுத்திட்டார். அப்போது வெளியுறவு அமைச்சராகவும் தலைமை நீதிபதியாகவும் ஒரே நேரத்தில் இருந்த மார்ஷல் அரசு முத்திரையைப் பதித்தார். அலெக்சாண்ட்ரியா பகுதிக்கு உரிய நியமன ஆணைகளை மார்ஷலின் தம்பி ஜேம்ஸ் எடுத்துப் போனார். எல்லாவற்றையும் சுமக்க முடியாமல் சிலவற்றைத் திருப்பி வைத்துவிட்டார். இப்படித் தேங்கிய ஆணைகள் வெளியுறவுத் துறையின் மேசைமேல் கிடந்தன. மறுநாள் பதவியேற்ற ஜெஃபர்சன், அவற்றை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்படி நின்றுபோன ஆணைகளில் ஒன்று வில்லியம் மார்பரியுடையது.

ஜெஃபர்சனின் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் மேடிசன் மேல் மார்பரி வழக்குத் தொடுத்ததும் ஜெஃபர்சன் கட்சியின் காங்கிரஸ் வட்ட நீதிபதிப் பதவிகளை ஒழித்தது. அதோடு உச்ச நீதிமன்றத்தின் அமர்வுகளையும் ரத்து செய்தது. 1801 டிசம்பருக்குப் பிறகு 1803 பிப்ரவரி வரை நீதிமன்றம் கூடவே இல்லை. மறுபடி கூடியபோது மேடிசன் தரப்பில் வாதாட ஒருவரும் வரவில்லை. ஆணையைக் கொடு என்று மார்ஷல் உத்தரவிட்டிருந்தால் அது குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். ஆகவே இப்படி எழுதினார்: மார்பரிக்கு ஆணையைப் பெறும் உரிமை உண்டு, உரிமை உள்ளவனுக்குச் சட்டம் பரிகாரம் தந்தாக வேண்டும், ஆனால் இந்த நீதிமன்றத்தில் நேரடியாக வந்து கேட்க வழிவிடும் 1789ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது, எனவே எங்களால் உத்தரவிட முடியாது.

தனக்குக் கிடைத்த ஒரு சிறிய அதிகாரத்தை வேண்டாம் என்று தள்ளி, அதன் வழியே ஒரு பெரிய அதிகாரத்தைத் தனதாக்கிக்கொண்டார். இரண்டாவது கதையை அடுத்த பதிவில் எழுதுகிறேன். அதற்குள் யாராவது கருத்துச் சொல்வதானால் சொல்லுங்கள்.

வழக்காடி எழுதியது:

நூலகவாசி ஐயா, தொடக்கம் நன்று. ஆனால் மார்ஷலிடம் இவ்வளவு கனிவு வேண்டாம்.

ஆணைகளுக்கு முத்திரை வைத்தவர் அவர். உரியவரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பும் அவருடைய துறையுடையது. அது நடக்காமல் போனதால் எழுந்த வழக்கை அவரே விசாரித்தார். முத்திரை வைக்கப்பட்டதா என்பதற்குச் சாட்சி தேட வேண்டியிருந்தது என்பதே எவ்வளவு விசித்திரம்! உண்மை தெரிந்த முதல் ஆள் நீதிபதி இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இன்றைய எந்த அளவுகோலின்படியும் அவர் விலகியிருக்க வேண்டும்.

தீர்ப்பின் வரிசையும் தலைகீழ். தனக்கு விசாரணை அதிகாரம் இல்லையென்றால் அதை முதலில் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். மார்ஷலோ உரிமை, பரிகாரம் என்று ஜெஃபர்சனுக்கு நீண்ட பாடம் எடுத்துவிட்டு, கடைசியில்தான் அதிகாரம் இல்லை என்கிறார். ஜெஃபர்சனை ஆயுள் முழுக்க எரிச்சல்படுத்தியது இந்த முதல் பகுதிதான். 13ஆம் பிரிவைச் சற்றுத் தாராளமாகப் படித்திருந்தால் அரசியலமைப்போடு மோதல் என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. மோதல் தேவைப்பட்டதால் மோதலைக் கண்டார் என்றுதான் நான் படிக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. மார்பரிக்கு ஆறு நாள் கழித்து, மார்ச் 2 அன்று, 'ஸ்டூவர்ட் எதிர் லெயர்ட்' வழக்கில் இதே நீதிமன்றம் வட்ட நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்பிய சட்டத்தைச் செல்லும் என்றது. அரசியலமைப்புப்படி நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருக்க வேண்டிய நீதிபதிகளின் பதவியே பறிபோன சட்டம் அது. உண்மையான பரீட்சை அங்கேதான் இருந்தது. அங்கே நீதிமன்றம் எதிர்த்து நிற்கவில்லை. மார்பரியை மட்டும் படிப்பவர்களுக்கு மார்ஷல் நீதிமன்றத்தின் துணிவு தெரியும், அச்சம் தெரியாது.

தாமிரபரணிக் கரை எழுதியது:

இரண்டாவது கதை எது என்று ஊகிக்க முடிகிறது. செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் வழக்குதானே? "ஜான் மார்ஷல் தீர்ப்பு சொல்லிவிட்டார், இனி அவரே அதை நிறைவேற்றிக்கொள்ளட்டும்" என்று அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் சொன்னதாகப் பள்ளிப் பாடம் முதல் மேடைப் பேச்சு வரை எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறேன். அவர் அப்படிச் சொன்னது உண்மையா? உண்மையென்றால் ஓர் அதிபர் உச்ச நீதிமன்றத்தை வெளிப்படையாக மீறிய முதல் நிகழ்வு அதுதான் என்று சொல்லலாமா?

நூலகவாசி எழுதியது:

அந்த வாசகம் ஜாக்சன் வாழ்ந்த காலத்து ஆவணங்களில் இல்லை. 1864இல் பத்திரிகையாளர் ஹோரேஸ் கிரீலி எழுதிய நூலில்தான் தலைகாட்டுகிறது. அப்போது ஜாக்சன் இறந்து 19 ஆண்டுகள். அவர் உண்மையில் எழுதியது, நண்பர் ஜான் காஃபிக்கு 1832 ஏப்ரலில் அனுப்பிய கடிதத்தில் இருக்கிறது: உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு பிறக்கும்போதே செத்துப் பிறந்தது, ஜார்ஜியாவைப் பணியவைக்க அதனால் முடியாது என்பதை அவர்கள் உணர்கிறார்கள் என்ற பொருளில். என்னைக் கேட்டால், மேடையில் முழங்கும் அந்தக் கற்பனை வாசகத்தைவிட இந்தக் கடிதம் கொடியது. அதில் சவால் இல்லை, நிம்மதி இருக்கிறது.

வழக்கின் பின்னணி இது. செரோக்கிகளுக்குச் சொந்த அரசியலமைப்பு, நீதிமன்றங்கள், நியூ எக்கோட்டா என்ற தலைநகரம், சீக்குவோயா உருவாக்கிய எழுத்துகளில் 1828 முதல் அச்சான செய்தித்தாள் எல்லாம் இருந்தன. அவர்கள் நிலத்தில் தங்கம் கிடைத்ததும் ஜார்ஜியாவின் பசி கூடியது. 1830 மே மாதம் பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்ப வழிவகுக்கும் சட்டத்தில் ஜாக்சன் கையெழுத்திட்டார். பிரதிநிதிகள் சபையில் அது 102க்கு 97 என்ற கணக்கில்தான் தேறியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜார்ஜியா தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டது. செரோக்கி நிலத்தில் வாழும் வெள்ளையர்கள் மாகாணத்துக்கு விசுவாச உறுதிமொழி எடுத்து உரிமம் பெற வேண்டும், இல்லையேல் கடுங்காவல். செரோக்கிகளுக்குத் துணைநின்ற மதப் பணியாளர்களை விரட்டுவதே அதன் நோக்கம்.

சாமுவேல் வூஸ்டர் அவர்களில் ஒருவர். முதல் முறை கைது செய்தபோது ஜார்ஜியா நீதிபதியே அவரை விட்டுவிட்டார். காரணம், வூஸ்டர் நியூ எக்கோட்டாவின் அஞ்சல் அதிகாரி. அதாவது கூட்டாட்சி அரசின் ஊழியர், அவர்மேல் இந்தச் சட்டம் பாயாது. உடனே மாகாண ஆளுநர் வாஷிங்டனுக்கு எழுதினார். ஜாக்சன் நிர்வாகம் வூஸ்டரை அஞ்சல் பதவியிலிருந்து நீக்கியது. தடை நீங்கியது. 1831 ஜூலையில் மறுபடி கைது, செப்டம்பரில் நான்கு ஆண்டுக் கடுங்காவல். ஜாக்சன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார் என்று எழுதுகிறவர்கள் இந்த அஞ்சல் அலுவலகத்தை மறந்துவிடுகிறார்கள்.

தண்டனை பெற்ற 11 பேரையும் மில்லெட்ஜ்வில் சிறைச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். உறுதிமொழி எடுத்தால் அல்லது பகுதியைவிட்டு வெளியேறினால் மன்னிப்பு என்றார்கள். ஒன்பது பேர் ஏற்றுக்கொண்டார்கள். வூஸ்டரும் எலைசர் பட்லரும் மறுத்து உள்ளே போனார்கள். மறுத்ததால்தான் வழக்கு உயிரோடு இருந்தது. வெளியே வந்திருந்தால் மேல்முறையீடு செய்ய யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

1832 மார்ச் 3 அன்று மார்ஷல் தீர்ப்பளித்தார். செரோக்கி நாடு தனக்கென எல்லை கொண்ட தனிச் சமூகம், அங்கே ஜார்ஜியாவின் சட்டங்களுக்கு எந்த வலுவும் இல்லை என்றார். இந்த வழக்கிலும் எதிர்த்தரப்பில் வாதாட ஒருவரும் வரவில்லை. 1803இல் மேடிசன் வராதது நீதிமன்றத்துக்கு வசதியாகப் போயிற்று. 1832இல் ஜார்ஜியா வராதது, தீர்ப்பு எப்படி இருந்தாலும் மதிக்கப் போவதில்லை என்ற அறிவிப்பு.

தாமிரபரணிக் கரை கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சட்டப்படி பார்த்தால் ஜாக்சன் மீறுவதற்கு அவர்மேல் ஓர் உத்தரவும் பிறப்பிக்கப்படவில்லை. தீர்ப்பு ஜார்ஜியா நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அந்த நீதிமன்றம் மறுத்தால் உச்ச நீதிமன்றம் அடுத்த அமர்வில்தான் நேரடியாக நிறைவேற்ற உத்தரவிட முடியும் என்பது 1789ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. நீதிபதிகள் மார்ச் மாதமே அமர்வை முடித்துக் கலைந்துவிட்டார்கள். அடுத்த அமர்வு 1833 ஜனவரியில். அதுவரை வூஸ்டர் சிறையில்.

சட்டமாணவி எழுதியது:

அஞ்சல் அலுவலகச் செய்தி எனக்குப் புதிது, நன்றி ஐயா.

நீதிமன்றத்தை அதிபர் எப்படி நடத்துவது என்ற கேள்வி 1803க்கும் முந்தியது. பிரான்சும் பிரிட்டனும் போரில் இறங்கியபோது, 1793 ஏப்ரல் 22 அன்று அதிபர் வாஷிங்டன் நடுநிலைப் பிரகடனம் செய்தார். பிரான்சோடு இருந்த ஒப்பந்தங்களை எப்படிப் பொருள்கொள்வது, பிரெஞ்சுக் கப்பல்களை அமெரிக்கத் துறைமுகங்களில் ஆயுதம் ஏற்ற விடலாமா என்றெல்லாம் ஐயங்கள் எழுந்தன. அவருடைய அமைச்சரவை 29 கேள்விகளை எழுதி, நீதிபதிகளின் ஆலோசனையை நாடியது. அன்றைய தலைமை நீதிபதி ஜான் ஜே வாஷிங்டனின் நம்பிக்கைக்கு உரியவர். நாடே தெய்வமாக மதித்த மனிதர் கேட்கிறார். ஆனாலும் ஆகஸ்ட் மாதம் நீதிபதிகள் பணிவாக மறுத்துவிட்டார்கள். அரசின் மூன்று கிளைகளும் ஒன்றையொன்று கட்டுப்படுத்த வேண்டியவை, இறுதித் தீர்ப்பு சொல்லும் நாங்கள் வழக்குக்கு வெளியே கருத்துச் சொல்வது முறையாகாது என்றார்கள். வாஷிங்டன் அதை ஏற்றுக்கொண்டு கேள்விகளைத் தன் அமைச்சர்களிடமே விட்டார்.

மறுத்த நீதிமன்றத்தின் துணிவைப் போலவே, மறுப்பை ஏற்ற அதிபரின் அடக்கத்தையும் நான் மதிக்கிறேன். ஜாக்சனோடு வைத்துப் பார்க்கும்போது இன்னும் அதிகமாக.

நம் அரசியலமைப்பு இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. 143ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கலாம். 1991இல் காவிரி இடைக்கால உத்தரவுக்கு எதிராகக் கர்நாடகம் அவசரச் சட்டம் போட்டபோது இந்த வழியில்தான் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது, அந்தச் சட்டம் செல்லாது என்ற கருத்தும் வந்தது. இந்த இழையின் தலைப்புக்கு நேரடியான விடையும் நம்மிடம் எழுத்தில் இருக்கிறது. நாட்டின் எல்லா அதிகார அமைப்புகளும் உச்ச நீதிமன்றத்துக்குத் துணைநின்று செயல்பட வேண்டும் என்கிறது 144ஆம் பிரிவு. 2016 காவிரி வழக்கில் நீதிமன்றமே கர்நாடகத்துக்கு அதை நினைவூட்ட வேண்டியிருந்தது. மார்ஷலின் கையில் அப்படி ஒரு வரி இருந்ததில்லை.

மேற்குத்திசை எழுதியது:

எழுத்தில் இருந்தும் நினைவூட்ட வேண்டியிருந்தது என்றால், வரி இருப்பதால் மட்டும் என்ன பயன் என்று கேட்கத் தோன்றுகிறது.

நூலகவாசியின் வாதத்தில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. 1803, 1832 ஆகிய இரண்டு முனைகளை மட்டும் எடுத்து, உத்தரவு இல்லாதபோது வென்றார், உத்தரவிட்டபோது தோற்றார் என்று கோடு கிழிக்கிறார். இடையில் நடந்தவை எங்கே போயின? 1807இல் ஆரோன் பர் மீது தேசத்துரோக வழக்கு நடந்தது. ரிச்மண்டில் அதை விசாரித்த மார்ஷல், பதவியில் இருந்த அதிபர் ஜெஃபர்சனுக்கே ஆவணங்களைக் கேட்டு அழைப்பாணை அனுப்பினார். ஜெஃபர்சன் நேரில் வர மறுத்தார், ஆனால் ஆவணங்களை அனுப்பிவைத்தார். நீதிமன்றத்துக்கு அடிபணிவதாக ஒப்புக்கொள்ளாமலே அடிபணிந்தார் என்று சொல்லலாம். 1974இல் வாட்டர்கேட் விவகாரத்தில் அதிபர் நிக்சனிடம் ஒலிநாடாக்களைக் கேட்டபோது நீதிமன்றம் இந்த வழக்கைத்தான் துணைக்கு அழைத்தது.

1819இல் 'மெக்கல்லக் எதிர் மேரிலாண்ட்'. அமெரிக்க வங்கியின் பால்டிமோர் கிளைக்கு மேரிலாண்ட் மாகாணம் வரி போட்டது. ஒவ்வொரு நோட்டையும் முத்திரைத் தாளில் அடி, இல்லையென்றால் ஆண்டுக்கு 15,000 டாலர் கட்டு என்றது. கிளையின் காசாளர் மெக்கல்லக் கட்ட மறுத்தார். வரி போடும் அதிகாரத்தில் அழிக்கும் அதிகாரமும் அடங்கியிருக்கிறது என்று மார்ஷல் எழுதியது இங்கேதான். வங்கி தொடங்கும் அதிகாரம் அரசியலமைப்பில் சொல்லாகவே இல்லை. 1791இல் முதல் வங்கி உருவானபோது ஜெஃபர்சனும் மேடிசனும் அதைக் காட்டித்தான் எதிர்த்தார்கள், நிதியமைச்சர் ஹாமில்டன் பதில் எழுதினார், வாஷிங்டன் ஹாமில்டன் பக்கம் சாய்ந்து கையெழுத்திட்டார். அதே மேடிசன் 1816இல் அதிபராக இருந்து இரண்டாவது வங்கிக்குக் கையெழுத்திட்டார்! மார்ஷலின் தீர்ப்புக்குப் பின்னால் வாஷிங்டனின் கையெழுத்தும் மேடிசனின் கையெழுத்தும் இருந்தன. மேரிலாண்ட் எதிர்த்து என்ன செய்திருக்க முடியும்?

ஆகவே உத்தரவு உண்டா இல்லையா என்று பார்ப்பதைவிட, நிர்வாகம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.

வழக்காடி எழுதியது:

மேற்குத்திசை சொல்வது சரிதான். ஆனால் அந்த அளவுகோலை ஏற்றால், நீதிமன்றத்துக்கு வராமலே முடிந்துபோன முடிவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவற்றில் பெரியது லூசியானா.

1803 ஏப்ரல் 30 ஒப்பந்தப்படி ஒன்றரைக் கோடி டாலருக்கு நெப்போலியனிடமிருந்து நாட்டின் பரப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும் நிலம் கிடைத்தது. வெளிநாட்டு நிலத்தை வாங்கிச் சேர்க்க அரசியலமைப்பில் இடமில்லை என்று வாதிடக்கூடியவர் யாரென்றால், அந்த நிலத்தை வாங்கிய ஜெஃபர்சனேதான். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வரைவுகூட எழுதினார். தாமதித்தால் நெப்போலியன் மனம் மாறக்கூடும் என்ற செய்தி வந்ததும் வரைவை மடித்து வைத்துவிட்டார். எழுதப்பட்ட அரசியலமைப்பே நமக்குத் தனிப்பட்ட பாதுகாப்பு, பொருள்கோடலால் அதை வெற்றுத்தாள் ஆக்கிவிடக் கூடாது என்று செப்டம்பரில் நண்பர் ஒருவருக்கு எழுதினார். அடுத்த மாதமே செனட் 24க்கு 7 என்று ஒப்பந்தத்தை ஏற்றது. தன் கொள்கையைத் தானே மீறுவதை அறிந்து வேதனையோடு மீறிய மனிதர் என்பதால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த பூர்வகுடி மக்களிடம் யாரும் கேட்கவில்லை. மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்புவோம் என்று 1830இல் சொல்ல முடிந்ததே, அந்த மேற்கு 1803இல் வாங்கப்பட்டதுதான்.

தாமிரபரணிக் கரை எழுதியது:

எல்லாரும் நீதிமன்றத்துக்கு லாபமா நஷ்டமா என்றே பேசுகிறீர்கள். செரோக்கிகளுக்கு என்ன ஆயிற்று என்பதையும் இழையில் எழுதி வையுங்கள்.

1835 டிசம்பரில் நியூ எக்கோட்டாவில் ஒரு சிறு குழு மட்டும் நிலத்தை விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் செய்தது. தலைவர் ஜான் ராஸ் தரப்பு ஆயிரக்கணக்கானோரின் கையெழுத்தோடு எதிர்த்து மனு கொடுத்தது. செனட் அதைப் புறந்தள்ளி, ஒரு வாக்கு குறைந்திருந்தாலும் தோற்றிருக்கும் என்ற நிலையில் ஒப்பந்தத்தை ஏற்றது. 1838இல் படை வந்தது. வீடுகளிலிருந்து இழுத்து முகாம்களில் அடைத்தார்கள். சுமார் 16,000 பேர் மேற்கே நகர்த்தப்பட்டார்கள், ஏறத்தாழ 4,000 பேர் இறந்தார்கள் என்பது பெரும்பாலும் சொல்லப்படும் கணக்கு. அவர்களோடு செரோக்கிச் செல்வந்தர்கள் வைத்திருந்த கறுப்பின அடிமைகளும் அதே பாதையில் நடந்தார்கள். அவர்களுக்காக எந்த வழக்கும் எந்த நீதிமன்றத்திலும் இல்லை.

வழக்கில் ஜெயித்தவர்கள் இவர்கள். ஜெயித்த பிறகு நடந்தது இது. மார்பரிக்குப் பதவி கிடைக்காததை எத்தனை தலைமுறையாகப் பாடம் நடத்துகிறோம்!

சட்டமாணவி எழுதியது:

ஒரு கேள்வி மட்டும். 1833 ஜனவரியில் நீதிமன்றம் மறுபடி கூட இருந்ததே. வூஸ்டர் அதுவரை பொறுத்திருந்தவர், அந்த நேரம் பார்த்து ஏன் வழக்கைக் கைவிட்டார்? 1831இல் மறுத்த மன்னிப்பை 1833இல் எப்படி ஏற்றார்?

நூலகவாசி எழுதியது:

இடையில் தென் கரோலினா குறுக்கிட்டது. 1832 நவம்பரில் அந்த மாகாணம் கூட்டாட்சி அரசின் இறக்குமதி வரிச் சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது. டிசம்பர் 10 அன்று ஜாக்சன் கடுமையான பிரகடனம் வெளியிட்டார். ஒரு மாகாணம் நாட்டின் சட்டத்தைச் செல்லாததாக்க முடியாது, ஆயுதத்தால் பிரிவது துரோகம் என்றார். பக்கத்து ஜார்ஜியா அதையேதான் ஒன்பது மாதமாகச் செய்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் வூஸ்டர் வழக்கு மறுபடி நீதிமன்றத்துக்குப் போனால் ஜார்ஜியாவும் தென் கரோலினாவோடு சேர்ந்துவிடும் என்ற அச்சம் ஜாக்சன் ஆட்களுக்கு. ஜார்ஜியா ஆளுநர் வில்சன் லம்ப்கினுக்கும் மதப் பணியாளர்களின் தரப்புக்கும் ஒரே நேரத்தில் அழுத்தம் போனது. அவர்களை அனுப்பிய மிஷன் சங்கமே இனி வற்புறுத்த வேண்டாம் என்று ஆலோசனை சொன்னது. மேலும் போராடினால் நாடு உடையக்கூடும், செரோக்கிகளுக்கும் இனிப் பயனில்லை என்று வூஸ்டரும் பட்லரும் எண்ணினார்கள். வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். 1833 ஜனவரி 14 அன்று விடுதலை. அவர்களைக் கோழைகள் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 16 மாதம் கடுங்காவலில் இருந்தவர்கள். வூஸ்டர் பின்னர் செரோக்கிகளுக்கு முன்பே மேற்கே குடிபெயர்ந்து, பார்க் ஹில்லில் அச்சகம் வைத்து அவர்கள் மொழியிலேயே கடைசிவரை புத்தகம் அச்சிட்டார்.

மேற்குத்திசையின் அளவுகோலை ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு வலுச் சேர்க்க ஒரு சான்று. தென் கரோலினாவை அடக்க ஜாக்சன் கேட்ட படைச் சட்டம் 1833 மார்ச் 2 அன்று நிறைவேறியது. அதன் 7ஆம் பிரிவு, நாட்டின் சட்டப்படி செய்த செயலுக்காக ஒரு மாகாணம் ஒருவரைச் சிறையில் வைத்தால், கூட்டாட்சி நீதிபதிகள் ஆட்கொணர்வு ஆணை பிறப்பித்து அவரை விடுவிக்கலாம் என்கிறது. 1832 மார்ச்சில் மார்ஷலின் கையில் இல்லாமல் போன கருவிக்கு மிக நெருங்கியது இது. செரோக்கிகளின் நண்பர்களுக்காக யாரும் அதை இயற்றவில்லை, சுங்க வரி வசூலிக்கும் அதிகாரிகளைக் காப்பதற்காக இயற்றினார்கள். வூஸ்டர் சிறையைவிட்டு வெளியே வந்து அப்போது ஏழு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.